மீனின் இறுதிக் கணம்: பூநகரிக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே, கடனீரேரியின் மறுகரையில் அமைந்துள்ள பூநகரி வரலாற்று மாணவர்க்குப் புதியதன்று. 1993 ஆம் ஆண்டில் வெளிவந்த ப. புஷ்பரட்ணம் அவர்களின் 'பூநகரி தொல்பொருளாய்வு' அப்பிரதேசத்தின் தொன்மையை விரிவாக எடுத்துக்காட்டியது. மண்ணித்தலையில் சிதைந்து நிற்கும் சிவாலயமும், போர்த்துக்கேயர் கட்ட ஒல்லாந்தர் விரிவாக்கிய கோட்டையும், மொட்டைக்கறுப்பன் நெல்லும் பலராலும் பேசப்பட்டவை. ஆயின், அக்கரையின் வாழ்வுக்கு நெல்லை நிகர்த்த மற்றோர் ஆதாரமாகிய மீன் வரலாற்றாய்வாளரின் கவனத்தை அத்துணை ஈர்க்கவில்லை. மீன்பிடியின் வரலாறு ஒருபுறமிருக்க, மீன் அறிவியலுக்காகக் கொல்லப்பட்டதன் வரலாறு தமிழில் எழுதப்பட்டது மிக அரிது.

இழையம், அதாவது உயிரியின் உடலில் ஒரே தொழிலைச் செய்யும் கலங்களின் கூட்டம், இன்று மீனாய்வின் அடிப்படைப் பொருளாகும். ஈரலின் சிறு துண்டொன்று நீரின் மாசினைக் கூறும். தசையின் துண்டொன்று இனத்தின் மரபுவழியைக் கூறும். அத்துண்டினைப் பெறுவதற்கு மீன் பெரும்பாலும் இறக்க வேண்டியுள்ளது. அது எவ்வாறு இறக்கிறது என்பது அறத்தின்பாற்பட்ட வினா மட்டுமன்று, அறிவின்பாற்பட்ட வினாவுமாகும் என்பதை வரலாற்று அடிப்படையில் நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபும் மீனும்

உயிர்க்கொலை பற்றிய சிந்தனை நம் பண்பாட்டிற் பழமையானது. திருக்குறள் கொல்லாமைக்குத் தனியோர் அதிகாரம் வகுத்தது. அசோகப் பேரரசன் தன் ஐந்தாம் தூண் கல்வெட்டிற் கொல்லத்தகாத உயிர்களைப் பட்டியலிட்டபொழுது சிலவகை மீன்களையும் அதிற் சேர்த்தான். குறிப்பிட்ட புனித நாள்களில் மீனைக் கொல்லுதலையும் விற்றலையும் விலக்கினான். பெரியபுராணம் போற்றும் அதிபத்த நாயனார் நாகபட்டினத்தை அடுத்த நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர். நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விட்டவர்.

இச்சான்றுகளை ஒருங்கு வைத்து நோக்கும்பொழுது ஓருண்மை புலனாகின்றது. மீனைக் கொல்லலாமா, கொல்லலாகாதா, எந்நாளிற் கொல்லலாகாது, எதனை விட்டுவிடல் வேண்டும் என்னும் வினாக்களுக்கு மரபு விடை தந்தது. கொல்வதெனின் எவ்வாறு கொல்வது என்னும் வினாவை அது பெரிதும் எழுப்பவில்லை. இது நமக்கு மட்டுமே உரிய நிலையுமன்று. கொல்லும் முறையை நுணுக்கமாக வகுத்த யூத சமயச் சட்டமும் இஸ்லாமியச் சட்டமும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் விதித்த அறுப்பு விதிகளை மீனுக்கு விதிக்கவில்லை. மீன் நீரினின்றும் எடுக்கப்பட்டால் தானே இறக்கும் என்பதே பொதுவான எண்ணமாயிருந்தது. குரலெழுப்பாத உயிரின் இறப்பு கவனிப்பாரற்ற இறப்பாயிற்று.

தானே இறக்கும் என்னும் எண்ணம் உண்மையில் முழுதும் சரியானதன்று. வன்னிக் குளங்களில் வாழும் விராலும் பனையேறியும் வளிமண்டலக் காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்புக்களை உடையன. அவை கரையிற் கிடந்தும் நெடுநேரம் உயிர் வாழும். தரங்கம்பாடியிற் பணியாற்றிய டால்டோர்வ் என்னும் டேனியப் படையலுவலர், பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த பனையேறி மீனைத் தாம் 1791 இற் கண்டதாக எழுதிய குறிப்பு இலண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. மரமேறும் செய்தியை அறிஞர் பலர் ஐயுற்றனர். ஆயினும், நீருக்கு வெளியே அம்மீன் நெடுநேரம் உயிர்தரிக்கும் என்பதில் ஐயமில்லை. இத்தகைய மீனைத் தானே சாகட்டும் என்று விடுதல் நீண்ட வேதனைக்கு விடுதலேயாகும்.

தரங்கம்பாடியிலிருந்து பேர்லினுக்கு

நம் கடல்மீன்கள் அறிவியற் பொருள்களாக ஐரோப்பாவுக்குச் சென்ற வரலாற்றில் தரங்கம்பாடிக்குச் சிறப்பிடம் உண்டு. டேனிய - ஹாலே மிஷனைச் சேர்ந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜோன் 1771 இல் அங்கு வந்தார். சமயப்பணியோடு இயற்கைப் பொருள்களையும் திரட்டிய அவர், சோழமண்டலக் கரையின் மீன்களைப் பேர்லினில் வாழ்ந்த யூத மருத்துவரும் மீனியல் அறிஞருமாகிய மார்க்கஸ் எலியேசர் புளொக் என்பாருக்கு அனுப்பினார். புளொக் 1782 தொடக்கம் 1795 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட மீனியற் பெருநூலில் இம்மீன்கள் பல இடம்பெற்றன. தமக்கு உதவிய ஜோனின் பெயரால் ஒரு மீன் சாதிக்கு அவர் 'ஜோனியஸ்' எனப் பெயரிட்டார். அச்சாதியில் ஒரு மீனுக்கு அவர் இட்ட இனப்பெயர் 'கருத்த' என்பது. கருத்தக் கத்தாழை எனக் கரையோர மக்கள் வழங்கிய தமிழ்ச்சொல்லே இலத்தீன் வடிவம் பெற்று, 1793 முதல் உலக மீனியலில் நிலைத்தது.

இங்கு நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மீனின் பெயர் சென்றது, உடலும் சென்றது. அவ்வுடல்களுட் பல இன்றும் பேர்லின் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. பெயர் சொல்லிக்கொடுத்த பரதவரின் பெயர் செல்லவில்லை. மீன் எவ்வாறு இறந்தது என்னும் குறிப்பும் செல்லவில்லை. அக்காலத்திற் சிறுமீன்களை உயிருடனோ இறந்த உடனேயோ மதுசாரத்தில் இடுதல் சேகரிப்பாளரிடையே வழக்கமாயிருந்தது. அறிவியல் அன்று மீனிடம் வேண்டியது வடிவம் ஒன்றையே. முட்கள் எத்தனை, செதில் வரிசை எத்தனை, பல் எவ்வாறு அமைந்தது என்பனவே வினாக்கள். அவ்வினாக்களுக்கு விடையளிக்க மீன் எப்படி இறந்திருந்தாலும் போதும்.

வடிவத்துக்கு அப்பால் முதலில் உணரப்பட்ட இழப்பு நிறமாகும். இலங்கையிற் குடியியற் சேவையிலிருந்த ஜோன் விற்சர்ச் பெனற் 1830 இல் இலங்கைக் கரையோர மீன்களைப் பற்றி வண்ணப்படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். இறந்த மீனின் நிறம் விரைவில் மங்கும். மதுசாரத்தில் அது முற்றாக மறையும். ஆகவே மீன் இறக்கும் முன்னரோ இறந்த சிறுபொழுதிலோ வரைதல் வேண்டும் என்னும் தேவை எழுந்தது. இறப்பின் நேரம் அறிவின் தரத்தைப் பாதிக்கும் என்னும் உணர்வின் தொடக்கம் இதுவெனலாம்.

முத்தும் மீனின் குடலும்

வட இலங்கைக் கடலில் மீனின் வடிவத்தைவிட்டு அதன் உள்ளுறுப்பை நாடிய பெரும் ஆய்வு முத்துக்குளிப்பின் பொருட்டே நிகழ்ந்தது. மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிப் படுகைகள் பல ஆண்டுகள் பயன்தராமற் போயினமையால், இலங்கை அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி லிவர்ப்பூல் நகரப் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902 இல் வந்தார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். இவ்வாய்வின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக இலண்டன் றோயல் சங்கத்தினால் வெளியிடப்பட்டது.

நாடாப்புழு ஒன்றின் இளம் பருவமே சிப்பியினுள் முத்து உருவாகக் கருவாய் அமைகின்றது என அவர்கள் கருதினர். அப்புழுவின் பிற்பருவங்கள் சிப்பியை உண்ணும் மீன்களின் உடலில் இருத்தல் வேண்டும். எனவே கிளாத்தி, திருக்கை முதலிய மீன்களின் வயிறுகள் திறந்து ஆராயப்பட்டன. பின்வந்த ஆய்வாளர் முத்தின் தோற்றம் பற்றிய இக்கொள்கையை ஏற்கவில்லை. எனினும், நமது பொருளுக்கு இந்நிகழ்ச்சி முக்கியமானது. குடலில் வாழும் ஒட்டுண்ணியைத் தேடுபவனுக்கு நாட்பட்ட மீன் பயன்படாது. இப்பொழுது இறந்த மீன் வேண்டும். மீனின் இறப்புக்கும் ஆய்வின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலம் இவ்வாறு கணக்கெடுக்கப்படலாயிற்று.

இதற்குச் சற்று முன்னரே, 1893 இல், போமலின் இழையத்தைக் கெடாது காக்கும் என்பதை ஜேர்மனியில் பேர்டினாண்ட் புளூம் கண்டறிந்தார். மலிவானதும் எளிதிற் கொண்டுசெல்லக்கூடியதுமாகிய இக்கரைசல் இருபதாம் நூற்றாண்டின் மீன் சேகரிப்பில் மதுசாரத்தின் இடத்தைப் பெரிதும் பிடித்தது. உயிருள்ள மீனை அதிலேயே இட்டுக் கொல்லுதல் நெடுங்காலம் நூதனசாலைகளின் வழக்கமாயிருந்தது. போமலின் செவுளையும் தோலையும் எரிக்கும் தன்மையது. அதில் இடப்பட்ட மீன் துடித்து இறக்கும். காலம் இங்கு ஒரு முரணைக் காட்டிற்று. நூற்றாண்டின் இறுதியில் அறிவியல் மீனின் மரபணுவை வேண்டியபொழுது, போமலினில் இருந்த உடல்கள் பெரும்பாலும் ஊமையாயின. அக்கரைசல் புரதத்தையும் மரபணுவையும் ஒன்றோடொன்று பிணித்துச் சிதைத்து விட்டிருந்தது. வடிவத்தைக் காக்கக் கையாண்ட கொடிய முறை, பிற்காலத்தார் கேட்கவிருந்த வினாவுக்கு விடையை அழித்துவிட்டது.

சட்டமும் வலி பற்றிய விவாதமும்

விலங்குகளின்மீது செய்யப்படும் பரிசோதனைகளை ஒழுங்குபடுத்திய முதற் சட்டம் பிரித்தானியாவில் 1876 இல் இயற்றப்பட்டது. முள்ளந்தண்டிலிகளை அது விலக்கியது. ஆகவே மீன் அதன் காப்பினுள் அடங்கியது. இலங்கையில் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க விலங்கு வதைத் தடைக் கட்டளைச் சட்டம், 'விலங்கு' என்னும் சொல்லுக்கு வரைவிலக்கணம் கூறுமிடத்து, பிடித்து அடைக்கப்பட்ட பறவையையும் மீனையும் ஊர்வனவற்றையும் பெயர் குறித்துச் சேர்த்தது. கடலில் நீந்தும் மீன் அச்சட்டத்துக்குப் புறம்பானது; தொட்டியில் இடப்பட்ட மீன் அதற்கு உட்பட்டது. மனிதன் கைக்கொண்ட கணத்திலிருந்தே பொறுப்புத் தொடங்குகின்றது என்னும் கருத்து இதில் அடங்கியிருத்தல் காண்க.

1959 இல் ரசல், பேர்ச் என்னும் இருவர் மனிதநேயப் பரிசோதனை முறை பற்றி எழுதிய நூல் மூன்று நெறிகளை வகுத்தது. உயிருக்குப் பதிலாக வேறொன்றைக் கொள்ளுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், முறையைச் செப்பஞ்செய்து துன்பத்தைத் தணித்தல் என்பன அவை. மீன் வலியை உணருமா என்னும் வினா அதன்பின்னரும் தீரவில்லை. மனிதரிடத்து வலியுணர்வுக்கு வேண்டிய மூளைப் புறணி மீனுக்கு இல்லை. ஆதலால் அது வலியை உணராது என அமெரிக்கரான ரோஸ் 2002 இல் வாதிட்டார். அடுத்த ஆண்டிலேயே லின் சினெடன் என்பாரும் உடனாய்வாளரும் திரவுற்று மீனின் தலைப்பகுதியில் ஊறுணரும் நரம்பு முனைகள் உள்ளனவென்று காட்டினர். உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட மீன் உணவை நாடாது உதட்டைத் தரையில் உராய்ந்தது என்பதும் அவர்களது அவதானிப்பாகும். விவாதம் தொடர்கின்றது. ஆயினும், உறுதியாகத் தெரியாத இடத்தில் ஐயத்தின் பயனைத் துன்புறக்கூடிய உயிருக்கு அளித்தலே அறமென்பதை இன்று பெரும்பாலான ஆய்வு நிறுவனங்கள் ஏற்றுள்ளன.

கராம்பின் வழி

மீனை நீரிலேயே மயக்கும் மருந்துகள் இருபதாம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தன. அவற்றுள் முதன்மையானது சுவிற்சர்லாந்தின் சண்டோஸ் நிறுவனத்தில் தோன்றிய 'எம்.எஸ். 222' என்னும் வெண்பொடி. இது நீரை அமிலமாக்கும் இயல்பினது; நன்னீரிற் கரைக்கும்பொழுது அப்பச்சோடா எனப்படும் சோடியம் இருகாபனேற்றைச் சேர்த்து நடுநிலைப்படுத்தாவிடின், மயங்குமுன்னரே மீன் எரிச்சலுறும். விலை கூடியதாகையால் நம் போன்ற நாடுகளில் இது எளிதிற் கிடைப்பதில்லை.

மற்றையது நம் அடுக்களையிலும் பரியாரியார் பெட்டியிலும் நெடுங்காலமாக உள்ள கராம்பு. பல்வலிக்குக் கராம்பெண்ணெய் தடவும் வழக்கத்தை அறியாதார் இலர். அதன் செயற்பொருளாகிய இயூஜினோல் மீனை மயக்கும் என்பதை யப்பானிய ஆய்வாளர் 1972 இல் வெளியிட்டனர். இந்தோனேசியக் கடலில் நிகழ்ந்த ஆய்வொன்று 1995 இல் வெளிவந்தது. மீனின் நீளத்தையும் நிறையையும் அளப்பதற்குக் கராம்பெண்ணெய் ஏற்றதென அது காட்டியது. அவ்வாய்விற் பயன்பட்டது ஓரா மீனின் சாதியைச் சேர்ந்ததோர் இனமாகும். யாழ்ப்பாணக் கடனீரேரியின் இருகரையிலும் விரும்பி உண்ணப்படும் ஓராவின் உறவினத்திலேயே இம்முறை சோதிக்கப்பட்டமை நமக்குப் பயனுள்ள செய்தியாகும். மொலுக்காத் தீவுகளின் கராம்பைத் தனியுரிமையாக்கிக் காத்த ஒல்லாந்தக் கம்பெனியே பூநகரிக் கோட்டையையும் ஆண்டது. வணிகப் பேராசையின் சரக்காக இருந்த அப்பொருள் இன்று வேதனை தணிக்கும் பொருளாக அதே கரைக்கு வரக்கூடியதாயுள்ளது.

பூநகரிக் கரையில் முறை

பூநகரிக் கரையின் ஆழமற்ற நீர் இத்தகைய ஆய்வுக்கு வாய்ப்பானது. கடனீரேரியில் நாட்டப்படும் சிறகுவலை மீனைச் செவுளிற் சிக்கவைத்து நெரிப்பதில்லை. வழிநடத்தி அடைப்பினுள் உயிருடன் நிறுத்துகின்றது. செவுள்வலையில் இரவெல்லாம் போராடிய மீனுக்கும் சிறகுவலை அடைப்பில் நீந்தி நின்ற மீனுக்கும் இழையத்தில் வேறுபாடு உண்டு. போராடும் மீனின் தசை தன் கிளைக்கோசனை இழக்கின்றது, இலத்திக்கமிலம் பெருகுகின்றது, குருதியில் கோட்டிசோல் சில நிமிடங்களுள் உயர்கின்றது, விறைப்பும் விரைந்து தோன்றுகின்றது. அவ்வாறு பெற்ற மாதிரியை அளக்கும் ஆய்வாளன் நீரின் இயல்பை அளப்பதாக எண்ணித் தன் வலையின் கொடுமையை அளந்துவிடுதல் கூடும். எனவேதான் அமைதியாக இறந்த மீனே உண்மை பேசும் மீன் என்கின்றோம்.

இன்றைய நெறிகள் கூறும் முறை சுருக்கமாக இதுவாகும். மீனைக் கையில் ஏந்தாமல், அது நின்ற நீரோடு மூடிய பாத்திரத்துக்கு மாற்றுதல் வேண்டும். அதே உப்புத்தன்மையும் வெப்பமும் உடைய கடனீரேரி நீரிலேயே மருந்தைக் கலத்தல் வேண்டும். கராம்பெண்ணெய் நீரிற் கரையாதாகையால் முதலில் ஒன்றுக்கு ஒன்பது பங்கு மதுசாரத்திற் கரைத்துக்கொள்வர். கொல்லும் அளவு மயக்கும் அளவினும் பன்மடங்காதல் வேண்டும். மீன் சமநிலை இழந்து சாயும், தொடுதலுக்கு அசையாதாகும், பின்னர் செவுள் மூடியின் அசைவு நிற்கும். இத்துடன் இறந்துவிட்டதெனக் கொள்ளுதல் தவறு. செவுள் அசைவு நின்றபின்னும் குறைந்தது 10 நிமிடம் கரைசலில் விடவேண்டுமென அமெரிக்க விலங்கு மருத்துவச் சங்கத்தின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டி கூறியது. மீனின் இதயம் மூளை இறந்தபின்னும் துடிக்கும். ஆதலின் இதயத்துடிப்பு உயிரின் அடையாளமாகாது. அதன்பின், மூளையை அழித்தோ முண்ணாணை வெட்டியோ இறப்பை உறுதிசெய்தல் இரண்டாம் படியாகும்.

எந்த இழையம் வேண்டும் என்பதே முறையைத் தீர்மானிக்கும். மூளையே வேண்டுமெனின் தலையைச் சிதைத்தலாகாது. குருதியின் வேதியியல் வேண்டுமெனின் மருந்தே அளவைத் திரித்துவிடலாம். அங்கு தலையில் ஒரே வலிய அடியும் உடனடியாக மூளையழிப்பும் சிறந்தன. பெரிய மீனைத் தோணியில் ஏற்றியதும் தடியால் தலையில் அடிக்கும் தொழிலாளரின் பழக்கம் இம்முறைக்கு அண்மையது. அதை அறியாமை எனத் தள்ளுதல் பொருந்தாது. பயிற்சியற்ற மாணவனின் தயங்கிய அடியிலும் பழகிய கையின் ஓரடி இரக்கமுடையது. மரபணு மட்டுமே வேண்டுமெனின் துடுப்பின் ஓரத்தில் ஒரு நறுக்கு மதுசாரத்திற் போதும். மீன் மீண்டும் நீந்தும். நீளமும் நிறையும் இரைப்பை உணவும் வேண்டுமெனின் இறங்குதுறையிற் கிடக்கும் இறந்த மீனே போதும்.

மற்றொன்றும் கூறல் வேண்டும். மருந்தூட்டிய மீன் சந்தைக்கோ சமையலுக்கோ செல்லலாகாது. எம்.எஸ். 222 இட்டபின் உயிர்வாழ விடப்பட்ட மீனைக்கூட 21 நாள் கழியாமல் உண்ணலாகாதென அமெரிக்கா விதித்துள்ளது. பிடித்ததை விற்று அன்றாடம் உண்ணும் கரையில் ஆய்வாளன் ஒரு மீனை எடுத்துப் புதைப்பது சிறு செயலன்று. அதன் விலையைக் கொடுப்பதும், ஏன் புதைக்கின்றோம் என்பதை விளக்குவதும் அவன் கடன்.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

இவ்விடத்தில் நேர்மையானதோர் எதிர்வினா எழும். 1993 இல் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்த பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் பூநகரிப் படைத்தளப் போரில் இருதரப்பிலும் பெருந்தொகையானோர் மாண்டனர். 2008 நவம்பரில் அந்நிலம் மீண்டும் கைமாறியது. போர் முடிந்தபின், 2011 இல், சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. மனித உயிருக்கு விலையற்றுப்போன மண்ணில் மீனின் வலியைக் கணக்கிடுதல் எவ்வாறு பொருந்தும் என்பதே அவ்வினா.

இவ்வினாவை நாம் இலேசாகக் கொள்ளவில்லை. மீனின் துன்பத்தை மனிதரின் துன்பத்தோடு ஒப்பவைப்பதும் நம் கருத்தன்று. ஆனால், எவ்வாறு இறந்தனர் என்பதைக் குறித்துவைப்பார் இல்லாமையின் கொடுமையை அறிந்தவர்கள் அக்கரையோர மக்களே. கையில் அகப்பட்ட உயிர் எத்தன்மையதாயினும், அதன் முடிவுக்குக் கணக்குக் கூறும் பழக்கம் மனிதருக்கு எதிரான பழக்கமாகாது. கணக்குக் கூறாமையே ஆபத்தான பழக்கம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அறிவியல் மீனிடம் வேண்டியது வடிவத்திலிருந்து உள்ளுறுப்புக்கும், உள்ளுறுப்பிலிருந்து இழையத்துக்கும், இழையத்திலிருந்து மரபணுவுக்கும் படிப்படியாகச் சென்றமையும், ஒவ்வொரு படியிலும் மீன் இறந்த முறை விடையின் தரத்தை மேலும் கூடுதலாகப் பாதித்தமையும் புலனாகும். இரக்கமும் மெய்ம்மையும் இங்கு ஒரே திசையில் நடக்கின்றன.

எனவே நாம் முன்வைக்கும் கோரிக்கை எளிது. நம் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிற் சேரும் ஒவ்வொரு மீன் மாதிரியின் சீட்டிலும், இனமும் இடமும் நாளும் எழுதப்படுவதுபோல, பிடித்த முறை, பிடித்த நேரம், இறந்த நேரம், கொன்ற முறை, மருந்தின் பெயரும் அளவும் எழுதப்படல் வேண்டும். வலையின் உரிமையாளர் இசைந்தால் அவர் பெயரும் அதில் இடம்பெறல் வேண்டும். புளொக்கின் நூலில் 'கருத்த' என்னும் சொல் மட்டும் வாழ்ந்தது, சொன்னவர் மறைந்தார். பூநகரிக் கரையிலிருந்து செல்லும் மாதிரிகளுக்கேனும் அக்குறை நேராதிருத்தல் வேண்டும்.